காற்றுத் துப்பாக்கியும் அதன் சட்டகமும்

கருவிக்குப் பிடி அமைத்தல் எளிய தொழிலெனப் பலர் கருதுவர். வீரசோழன், நரிக்குடி, திருச்சுழி முதலிய வானம் பார்த்த சீமையிலே வளர்ந்த எமக்கோ அஃது எளிதன்று என்பது இளமையிலேயே விளங்கிற்று. அங்கே கோடை முதிர்ந்தால் கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடிக்கும். மண்வெட்டியின் காம்பு சுருங்கிக் கழலும். உழவர் அதனைத் தண்ணீரில் ஊறவைத்து இறுக்குவர். வண்டிச் சக்கரத்தின் மரம் வறண்டு, அதனைச் சூழ்ந்த இரும்புப் பட்டா தளரும். மரம் ஈரத்தை ஏற்றுப் பருக்கும். ஈரம் நீங்கின் சுருங்கும். இவ்வியல்பை அறிந்தோர்க்கு, நுண்குறிக் காற்றுத் துப்பாக்கியின் மரக்கட்டையை நீக்கி உலோகச் சட்டகம் பொருத்துவது ஏன் என்பதை விளக்குதல் அரிதன்று. அதன் காரணத்தையும் முறையையும் இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய்வோம்.

முதற்கண் இவ்விளையாட்டின் நுட்பத்தை அறிதல் வேண்டும். உலகப் போட்டிகளில் காற்றுத் துப்பாக்கியால் சுடுவோர் இலக்கினின்று 10 மீட்டர் தொலைவில் நின்றுகொண்டு, எதன்மீதும் சாயாமல் சுடுவர். குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். இலக்கின் நடுவே உள்ள பத்தாம் புள்ளியின் விட்டமோ அரை மில்லிமீட்டரே. 75 நிமிடங்களுக்குள் 60 குண்டுகள் சுடுதல் வேண்டும். ஒரு குண்டிற்குப் பெறக்கூடிய உயர்ந்த மதிப்பெண் 10.9, ஆகவே அறுபதிற்கும் 654. குண்டு நடுவினின்று கால் மில்லிமீட்டர் விலகுந்தோறும் மதிப்பெண்ணில் பத்தில் ஒரு பங்கு குறையும்.

இக்கால் மில்லிமீட்டர் துப்பாக்கியில் எவ்வளவு அசைவினால் உண்டாகும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். முன் பார்வைக்குறிக்கும் பின் பார்வைக்குறிக்கும் இடையே 70 சென்டிமீட்டர் உள்ளதாகக் கொள்வோம். 10 மீட்டருக்குக் கால் மில்லிமீட்டர் எனின், 70 சென்டிமீட்டருக்கு 0.0175 மில்லிமீட்டர் ஆகும். நம் தலைமயிரின் பருமனிலும் இது குறைந்தது. குறி பார்க்கும் கண்ணும் குழலும் ஒன்றற்கொன்று இவ்வளவு பிறழ்ந்தாலே மதிப்பெண் குறையுமாயின், குழலைத் தாங்குவதும் கண்ணை அதன் இடத்தில் நிறுத்துவதும் ஆகிய கட்டை எத்துணை உறுதியுடையதாக இருத்தல் வேண்டும்!

நம் நாட்டவர் இத்துறையில் அடைந்த புகழ் யாவரும் அறிந்ததே. 2008-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் 700.5 மதிப்பெண் பெற்றுத் தங்கப் பதக்கம் வென்றார். ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியர் ஒருவர் தனியாளாக வென்ற முதல் தங்கம் அதுவே. சென்னையிற் பிறந்த ககன் நாரங் 2012-இல் இலண்டனில் இதே போட்டியில் வெண்கலம் பெற்றார். கடலூரிற் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ டி ஜெனீரோவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றார். வாலறிவன் என்னும் சொல்லைத் திருக்குறளின் முதல் அதிகாரத்திற் கற்ற தமிழ் மாணவர்க்கு அப்பெயரைப் பதக்கப் பட்டியலிற் காணும்போது உண்டாகும் மகிழ்ச்சி சிறிதன்று.

நிற்க. துப்பாக்கியின் பகுதிகளுள் குழல், காற்றுக்கலம், விசை ஆகியவை சேர்ந்த உலோகப் பகுதியை இயந்திரம் எனலாம். அதனைத் தாங்குவது கட்டை. தொன்றுதொட்டு இக்கட்டை வாதுமை முதலிய மரங்களாற் செய்யப்பட்டு வந்தது. மரம் கைக்கு இதமானது, அதிர்ச்சியை அடக்குவது. ஆனால் நரம்பு ஓடும் திசையில் மிகச் சிறிதே மாறுபடும் மரம், அதற்குக் குறுக்கே பெரிதும் மாறுபடும். ஐப்பசி கார்த்திகை மழையில் இறுக்கிய திருகாணி, சித்திரை வைகாசியில் தளர்ந்து நிற்பது இதனாலேயே. திருகாணி தளரின் இயந்திரம் ஒவ்வொரு சுட்டிற்கும் வெவ்வேறு இடத்தில் அமரும். குண்டும் வெவ்வேறு இடத்தில் விழும். சுடுவோன் தன் கையையே பழிப்பான், குற்றமோ கட்டையினது.

அலுமினியச் சட்டகம் இக்குறையைப் பெரிதும் நீக்குகின்றது. அலுமினியம் மாறாத பொருள் என்று யாரும் எண்ணற்க. 10 சென்டிமீட்டர் நீளமுள்ள அலுமினியத் துண்டு, வெப்பம் 15 பாகை ஏறின் ஏறக்குறைய 0.035 மில்லிமீட்டர் நீளும். எஃகு அதிற் பாதியளவே நீளும். ஆயினும் உலோகம் எத்திசையிலும் ஒரே அளவாக விரிந்து, வெப்பம் தணிந்தவுடன் பழைய அளவிற்கே மீளும். மரமோ ஒருமுறை முறுக்கிக்கொண்டால் மீள்வது அரிது. இதுவே இரண்டிற்கும் உள்ள வேறுபாடு.

இனிப் பொருத்தும் முறையைக் கூறுவோம். முதலாவதாகக் குழலிற் குண்டு இல்லையென்பதைக் கண்ணாற் கண்டு தெளிந்து, காற்றுக்கலத்தைக் கழற்றிவிடுதல் வேண்டும். 200 பார் அளவிற்கு அழுத்தப்பட்ட காற்று அதனுள் இருக்கக் கூடுமாதலின், இதில் அசட்டை கூடாது. அதன்பின் பழைய கட்டையின் திருகாணிகளைச் சிறிது சிறிதாக மாறிமாறித் தளர்த்தி, இயந்திரத்தை எடுத்துத் துடைத்து, புதிய சட்டகத்தின் பள்ளத்தில் வைத்தல் வேண்டும். அது தன் எடையாலேயே ஆடாது அமர்தல் வேண்டும். ஆடும் இயந்திரத்தைத் திருகாணியின் வலிமையால் இழுத்து அமர்த்தினால் உலோகம் வளைந்து நிற்கும். வளைந்த உலோகம் ஒருநாளும் ஒருதன்மையாய் நில்லாது.

இதனைச் சோதிக்க ஓர் உபாயம் உண்டு. திருகாணிகள் இரண்டையும் இறுக்கியபின் ஒன்றை மட்டும் மெல்லத் தளர்த்துக. அப்போது இயந்திரத்தின் அப்புறம் மேலெழுமாயின் அமர்வு சரியன்று என்பது பெறப்படும். அமர்வு சரியானபின், செய்தோர் குறித்துள்ள அளவிற்கு டார்க் ரெஞ்சைக் கொண்டு, ஒவ்வொரு முறையும் அதே வரிசையில் இறுக்குக. 'கை சொல்லும்' என்று நம்பியிருத்தல் வண்டி வேலைக்குப் போதும், இதற்குப் போதாது. பிறகு ஒரு காகிதத் துண்டைக் குழலுக்கும் சட்டகத்திற்கும் இடையே செலுத்திப் பார்க்க. அது தடையின்றி நெடுகச் செல்லுதல் வேண்டும். குழல் எங்கேனும் உரசின் அதன் அதிர்வு கெடும். விசையும் சட்டகத்தின் விளிம்பில் தட்டாது இயங்குகின்றதா என்று பார்த்தல் வேண்டும்.

அடுத்தது, கருவியை உடலுக்கு இயைத்தல். எம் கருத்தில் சட்டகத்தின் மெய்யான பயன் இதுவே. தோள்தாங்கியின் நீளம், கன்னத்தாங்கியின் உயரம், கைப்பிடியின் சாய்வு ஆகிய மூன்றையும் திருகாணிகளால் மாற்றிக்கொள்ளலாம். கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக் கன்னத்தை இயல்பாகச் சாய்த்துப் பின் கண்ணைத் திறக்க. பார்வைக்குறி நேரே தோன்றுமாயின் அளவு சரி. கழுத்தை நீட்டியோ குனிந்தோ தேடவேண்டுமாயின், திருத்தவேண்டியது சட்டகமேயன்றிக் கழுத்தன்று. ஒரு வேளையில் ஒன்றையே மாற்றி, பத்துக் குண்டு சுட்டு, விழுந்த இடங்களைக் குறிப்பேட்டில் எழுதுக. இரண்டை ஒருங்கே மாற்றினால் நன்மை எதனால் வந்தது என்று அறிய இயலாது. எடைக் கட்டிகளைச் சேர்த்துச் சமநிலை காணும்போது, மொத்த எடை போட்டி விதியாகிய 5.5 கிலோகிராமுக்கு மேற்படாதிருக்கப் பார்த்துக்கொள்க.

'இத்துணைச் செலவு எம்போன்ற ஏழைச் சீமையார்க்கு ஏற்குமோ?' என்று சிலர் வினவுவர். வினா நியாயமானதே. வெளிநாட்டுப் போட்டித் துப்பாக்கி இலட்சக்கணக்கில் விலையாகின்றது. அதனாலேயே சட்டகம் வேண்டுமென்போம். நெடியவன் ஒருவனுக்கென இழைத்த மரக்கட்டை குறியவளாகிய மாணவிக்கு உதவாது. அளவுகோடுகள் பொறித்த சட்டகமாயின், ஒவ்வொருவரும் தம் அளவைக் குறித்து வைத்துக்கொண்டு, ஒரே துப்பாக்கியைப் பத்துப் பேர் முறையாகப் பயிலலாம். ஒருவன் வாங்க இயலாததைக் கழகமாகக் கூடி வாங்கலாம். குறையும் உண்டு: வெயிலில் கிடந்த உலோகம் கன்னத்தைச் சுடும். ஆகவே அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கோடையில் அதனை நிழலிலேயே வைத்தல் வேண்டும். மேலும், சட்டகம் பழுதான குழலைத் திருத்தாது. பயிலாத கையையும் திருத்தாது.

இறுதியாக ஒன்று கூறவேண்டும். 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உடைய காற்றுத் துப்பாக்கிக்கு நம் நாட்டில் உரிமம் வேண்டுவதில்லை. உரிமம் வேண்டாமையால் பொறுப்பு இல்லாமற் போய்விடாது. எம் பக்கத்துப் புன்செய்களில் மயில்கள் விளைச்சலை அழிக்கின்றன என்பது உண்மை. உழவர் துயரமும் உண்மை. ஆயினும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மயிலைக் கொல்லுதலைக் கடுங்குற்றமாக விதித்துள்ளது. சங்கப் பாடல்களில் தினைப்புனம் காத்த மகளிரும் கவணும் தட்டையும் குளிரும் கொண்டு கிளிகளை ஓட்டினரேயன்றி அவற்றைக் கொன்று குவித்ததாகக் காணோம். அண்டையிலுள்ள சிவகங்கைச் சீமையில் வேட்டங்குடிப் பறவைகள் புகலிடத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், தங்கவரும் பறவைகள் அஞ்சுமென்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை.

நுண்ணிய கருவியைக் கையில் ஏந்துவோன் காகித இலக்கொன்றையே தன் பகையாகக் கொள்வானாக. அசையாத சட்டகத்தில் குழல் அமர்வதுபோல, அடங்கிய உள்ளத்தில் ஆற்றல் அமர்தல் வேண்டும். அவ்வாறு பயிலும் இளைஞரும் நங்கையரும் எம் வறண்ட சீமையினின்றும் தோன்றுவர் என்பது எம் துணிபு.