மோட்டார் வைத்த மூன்று சக்கர சைக்கிளுக்குப் பல் மாற்றப் போகிறீர்களா?

காஞ்சிபுரத்தில் பெரிய மேடு கிடையாது. ஆனால் பிள்ளையார்பாளையத்திலிருந்து காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளுக்குப் போவதற்குள் எத்தனை இடத்தில் நின்று கிளம்ப வேண்டியிருக்கிறது! லோடு சைக்கிளோ, காலை முன்னே நீட்டிச் சாய்ந்து ஓட்டும் வண்டியோ, பல் மாற்றுவதாக இருந்தால் சுமையோடு சுலபமாகக் கிளம்புகிற மாதிரி மாற்றுங்கள். ஓட்ட வேகத்தை மோட்டார் பார்த்துக்கொள்ளும்.

1. முதலில் மோட்டார் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப் மோட்டார் என்றால், பல் மாற்றினால் உங்கள் காலுக்கு மட்டும்தான் பலன். பெடல் அச்சில் இருந்தால் மோட்டாரின் விசையும் செயின் வழியாகத்தான் போகும். லேசான கியர் மோட்டாருக்கும் உதவும். ஆனால் செயினும் பற்களும் சீக்கிரம் தேயும்.

2. கணக்கு எளிது. முன் பல்லைப் பின் பல்லால் வகுத்து, சக்கரத்தின் சுற்றளவால் பெருக்குங்கள். 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் ஓடும். முன்னே 44, பின்னே 18 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 5.4 மீட்டர் போகும். பின்னே 22 போட்டால் 4.4 மீட்டர். காலில் விழும் பாரம் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும்.

3. வேகத்துக்காக முன்னே பெரிய செயின்வீல் வேண்டாம். மின்சைக்கிள் மோட்டார் வாகனக் கணக்கில் வராமல் இருக்க, மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற சோதனை மையத்தின் சான்றும் வேண்டும். அந்த வேகத்துக்கு 44-18 பல்லே தாராளம். நிமிடத்துக்கு 77 சுற்று மிதித்தால் போதும்.

4. இரு சக்கர சைக்கிள் நடை வேகத்துக்கு வந்தால் ஆடும், காலை ஊன்ற வேண்டும். மூன்று சக்கர வண்டி நின்றே போனாலும் சாயாது. அதனால் மிக லேசான கியரும் இதில் வீண்போகாது. வைகாசி கருட சேவைக் கூட்டத்தில் சின்ன காஞ்சிபுரம் பக்கம் போகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

5. சாய்ந்து ஓட்டும் வண்டியில் எழுந்து நின்று மிதிக்க முடியாது. கடினமான கியரில் முதுகை இருக்கையில் முட்டுக்கொடுத்து அழுத்தினால் முழங்கால்தான் வலிக்கும். ஏற்கெனவே தறியில் கால் மிதித்துக் களைத்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இவ்வகை வண்டிகளில் பெரும்பாலும் 20 அங்குலச் சக்கரம்தான். அதே பல்லுக்கு அது தானாகவே லேசாக இருக்கும். எனவே முதலில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் செலவு செய்யுங்கள்.

6. ஹப் மோட்டார் முழுச் சுமையோடு மெதுவாக இழுக்கும்போது மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாக வீணாகும். லேசான கியரில் முதலில் நீங்கள் மிதித்துக் கிளம்புங்கள். வண்டி நகர்ந்தபின் ஆக்ஸிலேட்டரைத் திருகுங்கள். மோட்டாரும் தாங்கும், சார்ஜும் நிற்கும்.

7. பழைய சைக்கிள்களில் செயின்வீல் கிராங்கோடு சேர்ந்தே வரும். காட்டர் பின்னைத் தட்டிக் கழற்ற வேண்டும். பின்னால் ஃப்ரீவீல் மாற்றுவது அதைவிடச் சுலபம், செலவும் குறைவு. பின் பல் கூடினால் செயினின் நீளமும் கூட வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

8. அடிக்கடி நிற்கும் வண்டிக்கு ஹப்புக்குள்ளேயே இருக்கும் மூன்று வேக கியர் ஏற்றது, நின்றபடியே மாற்றலாம். செயின் தாவும் கியரை மிதித்துக்கொண்டேதான் மாற்ற முடியும். ஆகவே அந்த வகை கியர் இருந்தால், நிறுத்துவதற்கு முன்பே லேசான பல்லுக்கு இறக்கிவிடுங்கள்.

9. புதுப் பல்லுக்குப் பழைய செயினை மாட்டுமுன் அளவு டேப்பை எடுங்கள். ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 கண்ணி தள்ளி இருக்கும் பின்னின் நடுவரை சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அதற்கு மேல் பதினாறில் ஒரு அங்குலம் நீண்டிருந்தால் செயினை மாற்றுங்கள். இல்லாவிட்டால் புதுப் பல்லையும் தின்றுவிடும்.

10. சக்கரத்தைக் கழற்றி மாட்டியபின் ஹப் மோட்டாரின் அச்சு நட்டுகளையும், அச்சு சுழலாமல் பிடிக்கும் இரும்புப் பட்டையையும் இறுக்குங்கள். ஒயர் செயினில் உரசாமல் கட்டுங்கள். கடையிலேயே காலி வண்டியை ஓட்டிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். வழக்கமான சுமையை ஏற்றி, மேம்பாலச் சரிவில் நிறுத்திக் கிளப்பிப் பார்த்த பிறகே கூலியைக் கொடுங்கள்.