பாடம் 7: பதினொரு நாள் பறந்த குஞ்சு

சிட்னியிலிருந்து ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குக் காரில் போயிருக்கிறீர்களா? போகும் வழியில் இடது கைப்பக்கம் போட்டனி விரிகுடா இருக்கிறது. (கோயில் கேன்டீன் தோசை நினைப்பில் யாரும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை!) கடல் வற்றும்போது அங்கே சேறு தெரியும். நம்முடைய கோடைக்காலத்தில் அந்தச் சேற்றில் ஒரு பழுப்புப் பறவை நீண்ட அலகால் குத்திக் குத்திப் புழு தேடும். அதன் பெயர் பட்டைவால் மூக்கன். பொருத்தமான பேர்தான், இல்லையா?

மூக்கன் பிறந்தது இங்கே இல்லை, அலாஸ்காவில். அங்கே ஈடர் என்ற கடல் வாத்தும் முட்டையிடும். தாய் ஈடர் தன் மார்பு இறகைப் பிய்த்துக் கூட்டில் மெத்தை போடும். குளிர்காலத்திலும் ஈடர் வடக்குக் கடலிலேயே இருக்கும். களைத்தால் தண்ணீரில் மிதக்கும். மூக்கனுக்கு வாத்து போலச் சவ்வுக் கால் கிடையாது. கடலில் இறங்கி ஓய்வெடுக்க முடியாது. புறப்பட்டால் கரை வரும்வரை பறக்க வேண்டும்.

2022 அக்டோபரில் ஒரு மூக்கன் குஞ்சு அலாஸ்காவிலிருந்து கிளம்பியது. வயது ஐந்தே மாதம்! முதுகில் ஒரு சின்னக் கருவி இருந்ததால் அது போன பாதை நமக்குத் தெரியும். எங்கும் நிற்காமல் 11 நாளில் 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியாவில் இறங்கியது.

கணக்குப் போடுவோம். 11 நாள் என்றால் 264 மணி நேரம். 13,560-ஐ 264-ஆல் வகுத்தால் மணிக்குச் சுமார் 51 கிலோமீட்டர். உங்கள் பள்ளி வாசலில் அப்பா 40-க்கு மேலே கார் ஓட்டக் கூடாது!

"அவ்வளவு நாள் பசிக்காதா டீச்சர்?" என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். கிளம்பும் முன் மூக்கன் வயிறு முட்டச் சாப்பிடும். உடம்பில் ஏறக்குறையப் பாதி கொழுப்பாகிவிடும். பிறகு குடலும் இரைப்பையும் சுருங்கும். சாப்பாடு இல்லாத பயணத்தில் அந்தப் பாரம் எதுக்கு?

மார்ச் மாதம் பெரிய மூக்கன்கள் திரும்பிப் போகும். அப்போது சீனா, கொரியா பக்கம் மஞ்சள் கடல் சேற்றில் இறங்கிச் சாப்பிடும். அந்தச் சேற்றில் நிறைய இடத்தை மண் போட்டு மூடிவிட்டார்கள். இங்கேயும் ஒரு தொல்லை உண்டு. கடற்கரையில் நாயை அவிழ்த்துவிட்டால் மூக்கன் பயந்து எழும்பும். சேர்த்த கொழுப்பு வீணாகும்.

சொல் அறிவோம்
அலகு – பறவையின் வாய்
சவ்வு – மெல்லிய தோல்
விரிகுடா – நிலத்துக்குள் வளைந்து வரும் கடல்

பேசுவோம்
1. ஈடர் வாத்து செய்யக்கூடியது, மூக்கனால் முடியாதது எது?
2. பிப்ரவரியில் உங்கள் நாயோடு கடற்கரைக்குப் போகிறீர்கள். தூரத்தில் மூக்கன் கூட்டம் தெரிகிறது. என்ன செய்வீர்கள்? வீட்டில் தமிழில் சொல்லுங்கள்.