குமாஸ்தா தலையில் இருந்ததை லேப்டாப்புக்கு மாற்றுங்கள்

பழைய வக்கீல் ஆபீஸ்களில் நிஜமான டேட்டாபேஸ் குமாஸ்தாதான். எந்தக் கட்டு எந்த அலமாரியில் இருக்கிறது, எந்த மனு எதற்காக ரிட்டர்ன் ஆனது, இதே மாதிரி பாகப்பிரிவினை வழக்கில் பத்து வருஷத்துக்கு முன்னால் சீனியர் என்ன பிளீடிங் போட்டார் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். அவர் லீவு போட்டால் ஆபீஸ் திணறும். பெரிய லா ஃபர்ம்கள் இதற்கு நாலெட்ஜ் மேனேஜ்மென்ட் என்று பெயர் வைத்து, இதற்கென்றே வக்கீல்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கின்றன. பெயர்தான் புதிது. ஒருமுறை உழைத்ததற்கு மறுமுறையும் உழைக்காமல் இருப்பதுதான் வேலை.

'ஏஐ வந்துவிட்டதே, நமக்கு வேலை இருக்குமா?' என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். டிராஃப்ட் அடிப்பதும் ஜட்ஜ்மென்ட் தேடுவதும் மலிவாகிவிட்டன. அதை மட்டும் நம்பியிருப்பவருக்குக் கஷ்டம்தான். விலை ஏறியிருப்பது இரண்டு திறமைகளுக்கு. மெஷின் கொடுத்ததைச் சரிபார்க்கத் தெரிய வேண்டும். ஆபீஸ் ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் வேலையைக் கேட்ட நிமிஷத்தில் எடுத்துக் கொடுக்கத் தெரிய வேண்டும். இதில் பெயர் வாங்கிய ஜூனியரை சீனியர் லேசில் விட மாட்டார். மற்றவர்கள் பாஸ் ஓவர் கேட்கவும் வாய்தா வாங்கவும் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

1. முதல் வாரமே ஒரு ஷீட் போடுங்கள்.

ஆபீசில் நிலுவையில் உள்ள ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சி.என்.ஆர். நம்பரை எடுங்கள். இ-கோர்ட்ஸ் ஆப்பில் அதைத் தட்டினால் வழக்கின் வரலாறு, அடுத்த தேதி, பதிவேற்றிய உத்தரவுகள் எல்லாம் வந்துவிடும். ஷீட்டில் எந்த ஸ்டேஜ், அடுத்த தேதி, நாம் செய்ய வேண்டியது, எதிர்த்தரப்பு செய்ய வேண்டியது என்று நாலு காலம் போதும். கட்சிக்காரர் போன் செய்யும்போது 'பார்த்துச் சொல்கிறேன்' என்று வைக்காமல் அதே அழைப்பில் பதில் சொல்லுங்கள். அடுத்த தடவை அவர் சீனியரைக் கூப்பிடாமல் உங்களைக் கூப்பிடுவார். சீனியருக்கும் அது தெரியவரும்.

இ-கோர்ட்ஸ் மூன்றாம் கட்டத்துக்கு 2023-ல் மத்திய அமைச்சரவை ஒதுக்கியது 7,210 கோடி ரூபாய். பேப்பர் கட்டோடு மட்டும் பழகியவருக்கு நாளாக நாளாக கோர்ட்டில் வேலை குறையும்.

2. ரிட்டர்ன் டைரி வையுங்கள்.

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. நான் எந்த ஜூனியரைப் பார்த்தாலும் முதலில் சொல்வது இதைத்தான். ஃபைலிங்கில் ஒரு மனு ரிட்டர்ன் ஆகும்போதெல்லாம் காரணத்தைக் குறியுங்கள்: கோர்ட் ஃபீ குறைவு, வக்காலத்தில் அட்டெஸ்டேஷன் இல்லை, தமிழ் ஆவணத்துக்கு மொழிபெயர்ப்பு வைக்கவில்லை, டைப்டு செட்டில் பக்கம் தெளிவாக இல்லை, லிமிட்டேஷன் தாண்டிவிட்டது, தாமத மன்னிப்பு மனு எங்கே. கூடவே எந்த கோர்ட், எந்த வகை மனு, என்ன செய்து சரிசெய்தோம் என்பதையும் எழுதுங்கள். எக்செல் வேண்டாம் என்றால் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் போதும்.

சில மாதங்கள் போனால் அந்த டைரியே ஃபைலிங்குக்கு முந்தைய செக்லிஸ்ட் ஆகிவிடும். எந்த ஏஐ டூலும் இதைத் தராது, ஏனென்றால் இது இன்டர்நெட்டில் இல்லை. உங்கள் ஊர் சப் கோர்ட்டில் எதைக் கேட்டு ரிட்டர்ன் போடுவார்கள் என்பது கலிஃபோர்னியாவில் உட்கார்ந்து சாஃப்ட்வேர் எழுதுபவருக்கு எப்படித் தெரியும்? மனுவை முதல் முறையிலேயே நம்பர் ஆக்கும் ஜூனியர் என்ற பெயர், இங்கிலீஷில் நன்றாக வாதாடுவார் என்ற பெயரைவிடச் சீக்கிரம் காசாகும்.

3. செக்ஷன் நம்பரை நம்பி ஃபோல்டர் போடாதீர்கள்.

2024 ஜூலை 1 முதல் ஐ.பி.சி., சி.ஆர்.பி.சி., சாட்சியச் சட்டம் மூன்றும் போய், பி.என்.எஸ்., பி.என்.எஸ்.எஸ்., பி.எஸ்.ஏ. வந்துவிட்டன. 420 இப்போது 318(4). 302 இப்போது 103(1). இவற்றை அட்டவணை பார்த்து மாற்றிக்கொள்ளலாம். சிக்கலே 482-ல்தான். பழைய சி.ஆர்.பி.சி.யில் 482 என்றால் குவாஷ் பெட்டிஷன். புதிய பி.என்.எஸ்.எஸ்.ஸில் 482 என்றால் முன்ஜாமீன். குவாஷுக்குப் போக வேண்டியது 528. சர்ச் பாக்சில் 482 என்று அடித்தால் இரண்டும் கலந்து கொட்டும். அவசரத்தில் ஏஐயிடம் கேட்டவர் முன்ஜாமீன் மனுவில் குவாஷ் தீர்ப்பை மேற்கோள் காட்டிவிட்டு நிற்பார்.

அதனால் ஃபோல்டரைப் பிரச்சினையின் பெயரில் வையுங்கள்: முன்ஜாமீன், குவாஷ், வழக்குச் சொத்தைத் திரும்பப் பெறுதல். உள்ளே பழைய செக்ஷன், புதிய செக்ஷன் இரண்டையும் டேக் செய்யுங்கள். அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்கு இன்னும் ஐ.பி.சி.தான் பொருந்தும். இரண்டு சட்டத்தோடும் பல வருஷம் குடித்தனம் நடத்த வேண்டியிருக்கும்.

ஃபைல் பெயரையும் தேதியில் தொடங்குங்கள்: வருஷம், மாதம், நாள், கட்சிக்காரர் பெயர், என்ன ஆவணம். 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் கரெக்டட் லேட்டஸ்ட்' என்று மூன்று ஃபைல் இருக்கும் லேப்டாப்பிலிருந்து தப்பான கவுன்டர் கோர்ட்டுக்குப் போகாவிட்டால்தான் ஆச்சரியம்.

4. படிக்காத தீர்ப்பைச் சொல்லாதீர்கள்.

நியூயார்க்கில் 2023-ல் மாட்டா எதிர் அவியாங்கா என்ற வழக்கு. விமான நிறுவனத்துக்கு எதிராக நஷ்டஈடு கேட்ட வக்கீல்கள், சாட்ஜிபிடி உருவாக்கிக் கொடுத்த, உலகத்தில் எங்கும் இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டினார்கள். அவர்களில் ஒருவர், 'இது நிஜமான வழக்குதானா?' என்று அந்த சாட்ஜிபிடியிடமே கேட்டிருந்தார். அதுவும் ஆமாம் என்றது. கோர்ட் 5,000 டாலர் அபராதம் போட்டது. பணத்தைவிட மானம்தான் அதிகம் போனது. நம் ஊரும் தப்பவில்லை. 2024 டிசம்பரில் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் பெங்களூரு அமர்வு ஓர் உத்தரவு போட்டு, சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. அதில் காட்டியிருந்த தீர்ப்புகளில் சில நிஜத்தில் இல்லவே இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் பெயரில் ஒன்றும் அதில் அடக்கம்.

இல்லாத தீர்ப்பைக் கண்டுபிடிப்பது சுலபம். இந்தியன் கானூனில் இரண்டு நிமிஷம், காசும் இல்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்றால் இ-எஸ்.சி.ஆர். இலவசமாகவே இருக்கிறது. நிஜமாகவே இருந்து, ஆனால் செத்துப்போன தீர்ப்புதான் ஆளை அடிக்கும். எலக்ட்ரானிக் சாட்சியத்துக்கு 65பி சர்டிஃபிகேட் கட்டாயமா என்று கேளுங்கள். ஷஃபி முகமது வழக்கில் 2018-ல் இரு நீதிபதி அமர்வு விதியைத் தளர்த்தியது. அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் 2020-ல் மூன்று நீதிபதி அமர்வு அதை ஓவர்ரூல் செய்துவிட்டது. முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு கோர்ட்டில் எழுந்து நின்றால், எதிர்த்தரப்பு ஜூனியர் உங்கள் செலவில் பெயர் வாங்கிக்கொண்டு போவார்.

எனவே ஒவ்வொரு சைட்டேஷனுக்கும் நாலு கேள்வி: தீர்ப்பு இருக்கிறதா? நான் சொல்லும் பாரா அதில் இருக்கிறதா, அது நீதிபதியின் கருத்தா, வக்கீல் வாதத்தின் சுருக்கமா? எத்தனை நீதிபதிகள்? பிறகு என்ன ஆயிற்று? நாலுக்கும் பதிலை அந்தத் தீர்ப்பின் ஃபைலோடு எழுதி வையுங்கள். அடுத்த முறை அந்த வேலை மிச்சம்.

5. கேட்டதும் செய்து கொடுக்கும் ஒரு டெக்னிகல் வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

என் சிபாரிசு, ஹேஷ் வேல்யூ, அதாவது ஒரு ஃபைலின் டிஜிட்டல் கைரேகை. பழைய 65பி இருந்த இடத்தில் வந்திருக்கும் பி.எஸ்.ஏ. 63-ன் கீழ் கொடுக்கும் சர்டிஃபிகேட்டுக்கு இரண்டு பகுதி: ஒன்றைக் கொடுப்பவர் நிரப்ப வேண்டும், மற்றதை நிபுணர். இரண்டிலும் ஹேஷ் வேல்யூ கேட்கிறார்கள். விண்டோஸில் செர்ட்யூட்டில் என்ற கமாண்ட் ஏற்கெனவே இருக்கிறது, ஃபைலின் எஸ்.ஹெச்.ஏ.256 மதிப்பை நொடியில் தரும். வாட்ஸ்அப் சாட், சிசிடிவி கிளிப், கால் ரெக்கார்டிங் இல்லாத குடும்ப வழக்கோ செக் வழக்கோ இன்று அபூர்வம். இதைத் தப்பில்லாமல் தயார் செய்யும் ஜூனியரை மாடியில் இருக்கும் மற்ற ஆபீஸ்காரர்களும் தேடி வருவார்கள். வரட்டும். முதல் தடவை இலவசமாகச் செய்யுங்கள், இரண்டாம் தடவை ஃபீஸ் சொல்லுங்கள்.

6. டெம்ப்ளேட் இருக்கட்டும், தேதியையும் தொகையையும் கையால் பாருங்கள்.

செக் ரிட்டர்ன் நோட்டீஸை எடுத்துக்கொள்ளுங்கள். பேங்கிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்தபின் பணம் கட்ட 15 நாள், அதற்குப்பின் ஒரு மாதத்துக்குள் புகார். ஷீட்டில் ஃபார்முலா போட்டால் மூன்று கடைசித் தேதியும் தானாக வரும். ஆனால் செக்கில் இருக்கும் தொகையும் நோட்டீசில் கேட்கும் தொகையும் பிசகக் கூடாது. பழைய டெம்ப்ளேட்டில் போன கட்சிக்காரரின் தொகை ஒட்டிக்கொண்டிருந்தால் வழக்கே போய்விடும். 'டைப்பிங் மிஸ்டேக்' என்ற சமாதானம் எடுபடாது.

7. கட்சிக்காரர் காகிதத்தை இலவச சாட்பாட்டில் கொட்டாதீர்கள்.

கட்சிக்காரர் உங்களிடம் சொன்னதை ரகசியமாக வைக்கும் கடமை, பி.எஸ்.ஏ. 132-ல் இருக்கிறது. நீங்கள் ஒட்டிய பத்திரம் யாருடைய சர்வரில் தங்குகிறது என்று உங்களுக்கே தெரியாது. கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் தன் மாவட்ட நீதித்துறைக்கு ஏஐ கொள்கையே வெளியிட்டுவிட்டது. முடிவெடுக்கும் வேலைக்கு ஏஐ கூடாது என்பது அதன் சாரம். வக்கீல்களுக்கும் இப்படி ஒன்று வரும் என்றே நினைக்கிறேன். அதுவரை பெயர், சர்வே நம்பர், தொகை, ஊர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சட்டப் பிரச்சினையை மட்டும் கேளுங்கள்.

8. மெஷின் திணறும் இடத்தில் கடை போடுங்கள்.

தமிழ்நாட்டில் அந்த இடம் நிலப் பத்திரம். வில்லங்கச் சான்றும் பட்டாவும் ஆன்லைனில் வந்துவிட்டன. தாய்ப் பத்திரம் அப்படியில்லை. மங்கிய முத்திரைத்தாள், கூட்டெழுத்தில் எழுதிய கிரயம், 'கிழக்கே வாய்க்காலுக்கு மேற்கு' என்று போகும் செக்குபந்தி, யு.டி.ஆரில் பெயர் மாறிப்போன பட்டா. ஓ.சி.ஆர். இங்கே தடுமாறுகிறது, உட்பிரிவு எண்ணில் ஓர் எழுத்தைத் தப்பாகப் படித்தால் பக்கத்து நிலத்துக்கு ஒப்பீனியன் எழுதிவிடுவீர்கள். பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்து, அதை ஆன்லைன் பதிவோடு வரிசைப்படுத்திக் காட்டவும் தெரிந்தவருக்கு பேங்க் பேனலும் பில்டரும் காத்திருக்கிறார்கள். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வெட்கப்படுபவர்கள் இந்தப் பாராவை இன்னொரு தடவை படிக்கலாம்.

கோர்ட் வேண்டாம், மாதச் சம்பளம் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சட்ட வேலையை அவுட்சோர்ஸிங்கில் செய்யும் எல்.பி.ஓ.வில் முதல்கட்ட டாக்குமென்ட் ரிவ்யூவை மட்டும் நம்பிச் சேராதீர்கள். ஆவணங்களை சாஃப்ட்வேர் வகைபிரிப்பதை நியூயார்க் ஃபெடரல் கோர்ட் 2012-லேயே ஏற்றுக்கொண்டது. அந்த வேலை அப்போதிருந்தே கரைந்துகொண்டிருக்கிறது. பணம் இருப்பது கான்ட்ராக்ட் பக்கம். ஒரு கம்பெனி எந்த ஷரத்தில் எவ்வளவு இறங்கி வரும், அதற்குக் கீழே யாரிடம் அப்ரூவல் வாங்க வேண்டும் என்று எழுதி வைப்பதுதான் பிளேபுக். மெஷின் ரெட்லைன் போடும், ஆனால் எதைப் பார்த்துப் போட வேண்டும் என்ற பிளேபுக்கை மனிதர்தான் எழுத வேண்டும். இன்டர்வியூவில் 'ஏஐ எக்ஸ்பர்ட்' என்று சொல்லாதீர்கள், எல்லோரும் அதையே சொல்கிறார்கள். பெயர்களை மறைத்த ஒரு பக்க பிளேபுக்கை நீட்டுங்கள். வார இறுதி சர்டிஃபிகேட் கோர்ஸுக்குக் கட்டும் காசை ஒரு நல்ல ரிசர்ச் டேட்டாபேஸ் சந்தாவுக்குக் கட்டலாம்.

இனி உங்கள் பங்கு. செக்லிஸ்டையும் ஷீட்டையும் ஆபீசில் பகிருங்கள், ஆனால் தயாரித்தவர் பெயரும் தேதியும் முதல் வரியில் இருக்கட்டும். ஆபீஸ் மாறும்போது உங்கள் சட்டக் குறிப்புகளையும் தீர்ப்புக் குறிப்புகளையும் எடுத்துப் போகலாம். கட்சிக்காரர் ஃபைல், சீனியரின் டிராஃப்ட் எதையும் தொடாதீர்கள். பென் டிரைவில் ஆபீஸ் ஃபோல்டரையே நகலெடுத்தவர் என்ற பேச்சு உங்களுக்கு முன்னால் புது ஆபீஸ் படியேறிவிடும்.

சம்பளம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் உதவித்தொகை என்று சென்னை உயர் நீதிமன்றமே 2024 ஜூனில் சொல்லியிருக்கிறது. அந்த உத்தரவை மேஜையில் போட்டுச் சண்டை பிடிக்க வேண்டாம். ரிட்டர்ன் டைரியை எடுத்துப் போய், போன வருஷம் எத்தனை மனு திரும்பி வந்தது, இந்த வருஷம் எத்தனை என்று காட்டிவிட்டுக் கேளுங்கள். மே மாத விடுமுறையில் கேளுங்கள். ஜூனில் கோர்ட் திறந்துவிட்டால் எந்த சீனியருக்கும் காது கேட்காது.