வாடகை வீட்டில் ஏசி மாட்டினால் பொறுப்பு யாருக்கு?

வாடகை வீட்டில் குடியிருப்பவர் சொந்தச் செலவில் ஏசி, கீசர், இன்வெர்ட்டர் போன்றவற்றைப் பொருத்தும்போது, பொருள் யாருக்குச் சொந்தம், சேதத்துக்கு யார் பொறுப்பு என்ற இரண்டு கேள்விகள் எழுகின்றன. தமிழ்நாட்டில் இவற்றுக்குப் பதில் தருபவை 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, வீட்டு உரிமையாளர் - வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் குறித்த 2017-ஆம் ஆண்டுச் சட்டமும்தான். மக்களிடையே உலவும் நம்பிக்கைகள் பலவும் இவற்றோடு ஒத்துப்போவதில்லை.

‘சுவரில் ஆணி அடித்து மாட்டியது எல்லாம் வீட்டுக்காரருக்கே சொந்தம்’ என்பது பரவலான எண்ணம். இது தவறு. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதப்படாவிட்டால், தான் பொருத்தியதைக் கழற்றிச் செல்லும் உரிமை வாடகைதாரருக்கு உண்டு என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு. ஆனால் வீடு தன் வசம் இருக்கும்வரைதான் அந்த உரிமை. சாவியை ஒப்படைத்துவிட்டுப் பிறகு வந்து கேட்டால் சட்டம் துணை நிற்காது. வீட்டைப் பெற்றுக்கொண்ட நிலையிலேயே திருப்பித் தருவதும் கட்டாயம் என்பதால், துளைகளை அடைத்துப் பூசுவது கழற்றியவர் செலவு.

இதற்கு எதிர்முனையில் நிற்பது, ‘வாடகை கொடுக்கிறோம், உள்ளே என்ன செய்தாலும் நம் விருப்பம்’ என்ற நினைப்பு. உரிமையாளர் சம்மதமின்றி நிரந்தரக் கட்டுமானம் எழுப்பக் கூடாது, வீட்டுக்கு நிலையான கேடு செய்யும் எதையும் செய்யக் கூடாது என்று அதே பிரிவு தடுக்கிறது. ஸ்பிலிட் ஏசி நிரந்தரக் கட்டுமானம் ஆகாது. ஆனால் அதன் செம்புக் குழாய்க்காகச் சுவரைத் துளைக்கும் இயந்திரம் செங்கல் சுவரை விட்டுக் கான்கிரீட் உத்தரத்தில் இறங்கி உள்ளிருக்கும் கம்பியை அறுத்தால், அது கட்டடத்தின் பலத்தையே தொடும் சேதம். தண்ணீர் வடியும் குழாய் சரிவாக அமையாமல் சுவருக்குள் கசிந்தால், பக்கத்து அறையில் பெயிண்ட் உப்பிப் பொருக்குத் தட்டும் வரை எவருக்கும் தெரியாது. ‘சரி, மாட்டிக்கோங்க’ என்று வாசலில் சொன்ன சொல் இத்தகைய தகராறில் நிற்பது கடினம். எங்கே துளை, எந்தச் சுவர், கழற்றும்போது யார் சரிசெய்வது என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தோடு இணைத்த ஒரு பக்கத் தாள் போதும்.

‘கட்டடத்திலிருந்து எது விழுந்தாலும் உரிமையாளர்தான் பதில் சொல்ல வேண்டும்’ என்பது எல்லாவற்றிலும் ஆபத்தான நம்பிக்கை. 2024 ஆகஸ்டில் தில்லி கரோல் பாக் பகுதியில் ஏசியின் அவுட்டோர் யூனிட் மாடியிலிருந்து விழுந்து, கீழே ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்த இளைஞர் உயிரிழந்தார். கவனக்குறைவால் உயிரிழப்பு நேர்ந்ததாகக் காவல்துறை வழக்குப் பதிந்தது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் இக்குற்றத்துக்கு ஐந்தாண்டு வரை சிறை உண்டு. இங்கே பார்க்கப்படுவது சொத்துப் பத்திரத்தில் இருக்கும் பெயர் அல்ல, கவனம் தவறியவர் யார் என்பதே. துருப்பிடித்த பிராக்கெட்டில் யூனிட்டை வைத்துப் பராமரிக்காத வாடகைதாரர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். தாங்கிநின்ற சன்ஷேடே பழுதாகி, அதைத் தெரிவித்தும் உரிமையாளர் கவனிக்கவில்லை என்றால் பொறுப்பு அவர் பக்கம் சாயும். ஆகவே பழுதை எழுத்தில் தெரிவித்து வைப்பது இருவருக்கும் நல்லது.

மின்சாரத்தில் எல்லைக்கோடு சற்றுத் தெளிவு. எழுத்தில் வேறு உடன்பாடு இல்லாதபோது, 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணை வயரிங்கை உரிமையாளர் பொறுப்பிலும், சுவிட்ச், பிளக், கீசர் போன்றவற்றின் பழுதை வாடகைதாரர் பொறுப்பிலும் வைக்கிறது. ‘பிளக் இருக்கிறது, சொருகினால் ஓடும்’ என்று விளக்கு வயரிலிருந்தே கிளை எடுத்து ஒன்றரை டன் ஏசியை ஓட்டி வயர் கருகினால், அது பழைய வயரிங்கின் குற்றம் என்று வாதிட முடியாது. மின் இணைப்பு பெரும்பாலும் உரிமையாளர் பெயரில்தான் இருக்கும். அனுமதிக்கப்பட்ட லோடு மீறினால் மின்வாரியம் முதலில் கேட்பதும் அவரைத்தான். லோடு கூட்ட விண்ணப்பிக்க வேண்டியவரும் அவரே.

‘மெக்கானிக் தப்பு செய்தால் அவரே பார்த்துக்கொள்வார்’ என்பது பில் இருந்தால் மட்டும் ஓரளவு உண்மை. பொருத்தியதில் குறை என்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம். ரசீதே இல்லாமல் கையில் காசு கொடுத்த வேலைக்கு ஆதாரம் காட்டுவது பெரும்பாடு.

உரிமையாளர் கட்டடத்துக்கு எடுத்த காப்பீடு வாடகைதாரரின் பொருள்களுக்குப் பொருந்தாது. வீட்டுப் பொருள்களுக்கு மட்டும் தனியே பாலிசி எடுக்க முடியும். வாடகைதாரருக்குத் தேவையானது அதுதான்.

கடைசியாக, ‘ஏசி மாட்டியதால் அட்வான்ஸ் போச்சு’ என்ற அச்சம். வீடு காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டியதை மட்டும் கழித்து, முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். அடைக்காத துளைக்குக் கழிக்கலாம். புழக்கத்தில் வரும் இயல்பான தேய்மானத்தை வாடகைதாரர் தலையில் கட்ட முடியாது.