ரெட்டினால் கிரீம்: விற்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை



கோட்டாறு, வடசேரி பகுதிகளில் ஃபேன்ஸி கடை நடத்தும் நம் உறுப்பினர்களிடம் வாடிக்கையாளர்கள் இப்போது 'ரெட்டினால்' என்று பெயர் சொல்லியே கிரீம் கேட்கிறார்கள். "மங்கு போகுமா? நிறம் வருமா?" என்ற கேள்வியும் கூடவே வருகிறது. சரியான பதிலைத் தெரிந்துவைத்துக்கொண்டு விற்பது நமக்கும் நல்லது, வாங்குகிறவருக்கும் நல்லது.

1. ரெட்டினால் என்பது என்ன?

இது வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம். தோலுக்குள் சென்றதும் சிறிது சிறிதாக ரெட்டினாயிக் அமிலமாக மாறி வேலை செய்கிறது. மேல்தோலின் பழைய செல்கள் உதிர்ந்து புதியவை வருவதை இது விரைவுபடுத்தும். அதனால் பரு ஆறிய இடத்துக் கறையும் வெயிலால் வந்த திட்டும் மெல்லக் குறையும், முகம் தெளிவாகும். பிறவி நிறத்தை இது மாற்றாது. 1975-ல் விற்பனைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி'கூட 2020-ல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. நாமும் "வெள்ளையாக்கும்" என்று சொல்லி விற்க வேண்டியதில்லை.

2. மருந்து வேறு, அழகுப்பொருள் வேறு

ட்ரெட்டினாயின் என்பது ரெட்டினாயிக் அமிலமேதான். ரெட்டினாலைவிடப் பல மடங்கு வீரியமானது. மருந்துக் கடையில் மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே தர வேண்டியது. இத்துடன் ஹைட்ரோகுயினோனையும் ஒரு ஸ்டீராய்டையும் சேர்த்த கூட்டு மருந்தை அமெரிக்காவில் கிளிக்மேன், வில்லிஸ் என்ற இருவர் 1975-ல் வெளியிட்டார்கள். மங்குக்கு மருத்துவர் மேற்பார்வையில் சில வாரம் மட்டும் போட வேண்டிய இந்த வகை ட்யூபை நம் நாட்டில் பலர் சிவப்பழகு கிரீம்போல மாதக்கணக்கில் பூசுகிறார்கள்.

முதலில் முகம் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலிந்து சிவக்கும், பரு கிளம்பும், முடி வளரும். நிறுத்தினால் எரிச்சல் தாங்காது. இதனால்தான் 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆணையிட்டது. மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்ற பெயர்களோ 'ஷெட்யூல் எச்' எச்சரிக்கையோ ட்யூபில் இருந்தால் அது மருந்து. மருந்து உரிமம் இல்லாத கடையில் அதை வைப்பதே குற்றம்.

3. பில் இல்லாத சரக்கு

களியக்காவிளையைத் தாண்டியுள்ள கேரளத்தில் நடந்ததை நாம் மறக்கக் கூடாது. மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயுடன் 22 பேர் வந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்த நோயின் ஓர் அபூர்வ வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். காரணமாகச் சுட்டப்பட்டது கிரீமில் இருந்த பாதரசம். நம் சட்டப்படி, கண் பகுதிக்கானவை தவிர மற்ற அழகுப்பொருள்களில் தற்செயலாகக் கலந்த பாதரசம்கூட பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது.

கொள்முதலின்போது தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, சேர்மானப் பட்டியல் எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதியாளர் முகவரியும் பதிவுச் சான்று எண்ணும் வேண்டும். "ஒரே வாரத்தில் நிறம்" என்று சொல்லி, பில் இல்லாமல் மலிவாகத் தருபவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

4. வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டியவை

* இரவில் மட்டும், முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு. தொடக்கத்தில் வாரம் இரண்டு இரவு போதும்.
* பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம். வெயிலில் அலைந்தால் பூசிய பலன் போய்விடும்.
* பலன் தெரிய மூன்று மாதமாகலாம். அவசரப்பட்டு அதிகம் பூசினால் தோல் புண்ணாகி, நம் நிறத்தவருக்குப் புதுக் கறையே விழும்.
* கர்ப்பிணிகளும் குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் பூசக் கூடாது.
* மங்கு ஆழமாக இருந்தாலோ கழுத்து கறுத்திருந்தாலோ மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது.

5. இருப்பு வைக்கும் முறை

வெளிச்சமும் காற்றும் சூடும் ரெட்டினாலைக் கெடுக்கும். வெயில் விழும் ஷோகேஸில் அடுக்காதீர்கள். மூடி திறந்து 'டெஸ்டர்' வைக்க வேண்டாம். அளவு குறைந்த சரக்கையே முதலில் எடுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் முகக் கிரீமுக்கு 0.3 சதவீதம் என்றே உச்சவரம்பு விதித்தது. பழைய பேட்ச் முதலில் போகும்படி அடுக்குங்கள்.

கல்லாவில் இருக்கும் நமக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. எடுத்துக் கொடுக்கும் கடைப் பிள்ளைகளுக்கும் இந்த விவரங்களைச் சொல்லிவையுங்கள். வாடிக்கையாளர் பெரும்பாலும் கேட்பது அவர்களிடம்தான்.