கைப்பழக்கமும் ஆசைக் குறைவும்: கல்யாணமான ஆண்களுக்கு முழுமையான வழிகாட்டி

முதல் படி: பயத்தை இறக்கி வையுங்கள்

"கைப்பழக்கத்தால் நரம்புத் தளர்ச்சியா?" என்று கேட்கும் சுவரொட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். மாதம் ஒருநாள் லாட்ஜில் தங்கும் வைத்தியருக்கு இந்தப் பயம்தான் முதலீடு. சுய இன்பத்தால் நரம்பு தளராது, விந்து வற்றாது, ஆண்மை போகாது. விந்து வீணாகிறதே என்ற கவலைதான் பலரை வாட்டுகிறது. மனநல மருத்துவர் என்.என். விக் 1960-இல் அதற்கு ‘தாத் நோய்க்குறி’ என்று பெயரிட்டார். பாலியல் திறனைக் கூட்டும் என்று மருந்தை விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். லேகியத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்காதீர்கள்.

இரண்டாம் படி: ஆசை குறைந்தது எப்போதிருந்து?

பட்டாசு ஆலையில் வேலையா? தீபாவளி ஆர்டர் நெருக்கும் மாதங்களில் உடம்பு கேட்பது தூக்கத்தை. சீசன் முடிந்து ஆலை மூடியிருக்கும் வாரங்களில் ஆசை திரும்பினால், அது குறைந்ததற்குக் காரணம் வெறும் அசதி. திரும்பவில்லையா? கடன், குடி, மனச்சோர்வு என்று ஒவ்வொன்றாக யோசியுங்கள்.

மூன்றாம் படி: போனைத் தள்ளி வையுங்கள்

தனியாகப் போனில் ஆபாசப் படம் பார்த்தால் ஆசை வருகிறது, மனைவி அருகில் இருந்தால் வரவில்லை என்றால் கதை வேறு. வீட்டில் தீராத மனத்தாங்கலிலிருந்து தப்பிக்கக் கைப்பழக்கம் ஒரு ஒதுங்குமிடமாகியிருக்கலாம். சில வாரங்கள் படங்களை நிறுத்திப் பாருங்கள். கையின் இறுக்கத்துக்கும் வேகத்துக்கும் பழகியிருந்தால் அவற்றைக் குறையுங்கள். அடியோடு விடுவதாகச் சபதம் வேண்டாம். மீறினால் குற்றவுணர்வுதான் மிஞ்சும்.

நான்காம் படி: மனைவியிடம் பேசுங்கள்

நீங்கள் பேசாமலிருந்தால், தன்னைப் பிடிக்கவில்லை என்றோ வேறு தொடர்பு என்றோ அவர் நினைக்கலாம். ஒற்றை அறை வீட்டில், பிள்ளைகள் நடுவே இதைப் பேச முடியாது. கோயிலுக்குப் போய்வரும் வழியில் பேசலாம். "உன்கிட்ட குறை இல்லம்மா, எனக்குத்தான் கொஞ்ச நாளா மனசு ஓடல" என்று தொடங்கினால் போதும்.

ஐந்தாம் படி: பரிசோதனை

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். டெஸ்டோஸ்டிரோன் அளவைக் காலை 10 மணிக்குள், வெறும் வயிற்றில், இரு வேறு நாட்களில் பார்க்க வேண்டும். பிரஷர், மனச்சோர்வு மாத்திரைகளில் சில ஆசையைக் குறைக்கும். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள். ஆசை இருந்தும் விறைப்பு வரவில்லை என்றால், இதயத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

மனம் சோர்ந்திருந்தால் 14416-க்குப் போன் செய்யலாம்; கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போடுகிற இடத்தில் "பொது மருத்துவம்" என்றால் போதும். மிச்சத்தை டாக்டரிடம் சொல்லிக்கொள்ளுங்கள்.