கர்ப்பிணிக்குக் காமாலை - கருப்பைக்கும் ஆபத்து



"காமாலை ஈரல் நோய்தானே, வயிற்றுப் பிள்ளைக்கு அதனாலே என்ன?" என்று சிலர் கேட்பதுண்டு. ஈரலும் கருப்பையும் தனித்தனி உறுப்புகள்தாம். ஆனாலும் ஈரல் கெட்டால் கருப்பையும் தாங்காது. எப்படி என்று பார்ப்போம்.

பிள்ளை பிறந்து நஞ்சு விழுந்ததும், கருப்பை கல் போல இறுகுகிறது. திறந்திருக்கும் இரத்தக் குழாய்களை அது நெரிக்கிறது. இரத்தமும் உறைந்து அவற்றின் வாயை அடைக்கிறது. இரத்தத்தை உறைய வைக்கும் சத்துக்களில் பெரும்பாலானவற்றைச் செய்து தருவது ஈரல். அது சோர்ந்து போனால், கருப்பை இறுகினாலும் உதிரம் நிற்காது. தவிர, காமாலையினால் மாதம் நிறையுமுன்பே வலி எடுக்கலாம். பிள்ளை வயிற்றிலேயே இறந்தும் போகலாம்.

காமாலைக் கிருமிகளில் 'இ' வகை கர்ப்பிணிக்குப் பொல்லாதது. கடைசி மூன்று மாதத்தில் பிடித்தால் 100 பேரில் 20 முதல் 25 பேர் வரை இறக்கக்கூடும். இது சாக்கடை கலந்த குடிநீரால் பரவுகிறது. 1955-ஆம் ஆண்டின் கடைசியில், டில்லியில் யமுனை ஆற்றுக் குடிநீரில் சாக்கடை கலந்துவிட்டது. அடுத்த ஜனவரிக்குள் 29,000 பேருக்கு மேல் காமாலை கண்டது. மற்றவர்களைவிடக் கர்ப்பிணிகளிடையே சாவு அதிகமாக இருந்தது. அது 'இ' வகைக் கிருமி என்பது பல வருஷம் கழித்தே தெரிய வந்தது.

ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் திருவிழாவுக்குப் பல ஊர்களிலிருந்தும் நடந்தே வருகிறார்கள். கூட்டத்தில் எந்தத் தண்ணீர் சுத்தம் என்று யாருக்குத் தெரியும்? கர்ப்பிணி உடன் வந்தால், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்து வாருங்கள். ஐஸ் போட்ட சர்பத், வெட்டி வைத்த பழம் வேண்டாம். ஊரிலும் மழை, வெள்ள நாட்களில் இதே கவனம் தேவை.

இவற்றைக் கண்டால் தாமதிக்காதீர்கள்:

1. கண் மஞ்சளாவது, சிறுநீர் தேயிலைத் தண்ணீர் போலக் கறுப்பது.
2. தடிப்பு இல்லாமலே உள்ளங்கை, உள்ளங்காலில் அரிப்பு, ராத்திரியில் அதிகமாவது.
3. வலது விலாவுக்குக் கீழே வலி. அதோடு தலைவலி, கண் மங்கல்.
4. ஓயாத வாந்தி, நினைவு தடுமாறுவது.

"கீழாநெல்லி கொடுத்தால் சரியாப் போயிடும்" என்பார்கள். சாதாரணக் காமாலை பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். அந்த நல்ல பேர் மருந்துக்குப் போகிறது. கர்ப்பிணியின் சங்கதி வேறு. மந்திரிப்பதிலும் மருந்து கட்டுவதிலும் போகும் இரண்டு நாளில் உயிரே போய்விடலாம்.

கணவன்மார்களே, இது உங்கள் பொறுப்பு. 108-ஐக் கூப்பிடுங்கள். இரத்த வங்கி உள்ள அரசு மருத்துவமனையிலேயே பிரசவம் நடக்கட்டும். இரத்தம் கொடுக்க இரண்டு பேரை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மாதச் சோதனையில் 'பி' வகைக் காமாலைக்கும் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். பிறந்த பிள்ளைக்கு 24 மணி நேரத்துக்குள் அதற்கான தடுப்பூசி போட வேண்டும்.

கண்ணில் மஞ்சள் தெரிந்த அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனால், தாயையும் பிள்ளையையும் காப்பாற்ற வழியுண்டு.